கறுப்பு வண்டியின் இடது பக்கம்

ஜனவரி 8, ஞாயிறு

காலையில் வண்டியைக் கழுவினேன். சாயங்காலம் ஜெபராஜ் சார் வந்து அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்துவிட்டுப் போனார்.

பக்கத்து வீட்டுக்காரர். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்லதாக ஒரு வார்த்தை அவர் வாயில் வருவது அபூர்வம். கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே, வண்டியில் கோலமாவு கொட்டிவிட்டதா சார் என்று கேட்டார். போய்ப் பார்த்தேன். இடது பக்கப் பின்கதவு முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். தண்ணீர் சொட்டாக நின்று காய்ந்து, உப்பை மட்டும் விட்டுவிட்டுப் போன தடம்.

காலையில் துடைத்து முடித்து ஒரு சுற்றுச் சுற்றி வந்தபோது அங்கே எதுவும் இல்லை. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பதினான்கு வருடமாக இந்த எஸ்டீம் காரை நான்தான் கழுவுகிறேன். வெயிலில் நின்ற வண்டியில் தண்ணீர் ஊற்றக் கூடாது. தகடு சூடாக இருந்தால் துணி போவதற்குள் சொட்டு காய்ந்துவிடும். கூரையில் ஆரம்பித்துக் கீழே வர வேண்டும். சோப்புக்கு ஒரு வாளி, துணி அலச ஒரு வாளி. கடைசித் தண்ணீரை விசிறி அடிக்காமல் மெதுவாகச் சரியவிட்டால் பாதி தானாகவே வழிந்து போய்விடும். மீதிக்குத் துணியை விரித்துப் போட்டு இழுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. இதில் ஒன்றைக்கூட நான் மாற்றவில்லை. மாறியது தண்ணீர்தான். போன வருடம் ஆழ்குழாயை இன்னும் ஆழப்படுத்தினோம். அங்கிருந்து வருவது தண்ணீரா, உப்புக் கரைசலா?

வண்டி வாங்கப் போனபோது வெள்ளையும் வெள்ளியும் நின்றன. கறுப்புக்குக் காத்திருக்க வேண்டும் என்றார்கள். காத்திருந்தேன். மில்லில் சாயப் பிரிவில் ஆயுசைக் கழித்தவன் நான். கறுப்பைப்போலக் கஷ்டமான சாயம் இல்லை. ஒன்றில் பச்சைச் சாயல் ஓடும், ஒன்றில் சிவப்பு ஓடும். எதுவும் ஓடாத கறுப்பு அமைவது லேசில் நடக்காது. இந்த வண்டியின் கறுப்பு அப்படிப்பட்டது.

ஜனவரி 15, ஞாயிறு

பொங்கலும் ஞாயிறும் ஒன்றாக வந்தன. கடைசி அலசலுக்குச் சிறுவாணித் தண்ணீர் இரண்டு குடம் எடுத்து வைத்திருந்தேன். குடிக்கிற தண்ணீரை வண்டிக்கு ஊற்றுகிறவர் ஊரிலேயே நீங்கள்தான் என்றாள் என் மனைவி கோகிலா. சொன்னாளே தவிர, குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து தந்ததும் அவள்தான்.

அப்பழுக்கில்லாமல் வந்தது. பானெட்டில் வானம் தெரிந்தது.

மகள் சுகந்தி சின்னவளாக இருந்தபோது கண்ணாடிகள் அவள் பொறுப்பு. பழைய செய்தித்தாளைச் சுருட்டி, நாக்கைக் கடித்துக்கொண்டு துடைப்பாள். சோப்பு நுரையில் தன் பெயரை எழுதிவிட்டு அதன்மேல் தண்ணீர் ஊற்றவிடாமல் மறிப்பாள். உள்ளே தோசை ஆறுகிறது என்று கோகிலா கத்திக்கொண்டிருப்பாள். ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். அந்த ஞாயிறுகளில் வண்டி கழுவ முழுக் காலையும் ஆகும். யாருக்கும் அவசரம் இருந்ததில்லை. இப்போது அவள் ஓசூரில் இருக்கிறாள். பொங்கலுக்கு வர லீவு கிடைக்கவில்லை.

குளித்துவிட்டு வந்து பார்த்தால் கோகிலா வண்டியின் இடது பக்கத்தில் குனிந்து எதையோ துடைத்துக்கொண்டிருந்தாள். கேட்டதற்குத் தூசி என்றாள். கழுவிய ஈரம் காய்வதற்குள் தூசி எங்கிருந்து வரும் என்று கேட்க வாயெடுத்தேன். அடுப்பில் பால் பொங்குகிற நேரம். உள்ளே போய்விட்டோம்.

ஜனவரி 22, ஞாயிறு

வாளி தடுக்கி விழப் பார்த்தேன். வழியில் வைத்தது நீங்கள்தான் என்கிறாள் கோகிலா.

ஜனவரி 27, வெள்ளி

சுகந்தி போன் செய்தாள். எடுத்தவுடன், கண்ணைக் காட்டினீர்களா அப்பா என்கிறாள். யார் சொல்லிக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியாதா?

மத்தியானம் கரண்ட் இல்லாத நேரத்தில் மில்லிலிருந்து கொண்டுவந்த நூல் பெட்டியை எடுத்து ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். கறுப்பு நூல்களை மட்டும் பிரித்துக் கலைத்துப் போட்டு, பச்சை ஓடுவது, சிவப்பு ஓடுவது, நீலம் ஓடுவது என்று அடுக்கினேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. பிறகு செய்தித்தாளில் இருப்பதிலேயே பொடி எழுத்தான வரி விளம்பரங்களைக் கண்ணாடி போடாமல் கோகிலாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

என் கண்ணை நம்பித்தான் அந்த மில் வண்டி வண்டியாகத் துணி அனுப்பியது. என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 3, வெள்ளி

இடது பக்கக் கண்ணாடி கேட் தூணில் மோதி உடைந்துவிட்டது. கோகிலா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். ஓரம், ஓரம் என்று அவள் சொன்னது காதில் விழுந்தது. எந்த ஓரம் என்று பார்ப்பதற்குள் சத்தம் கேட்டுவிட்டது.

தெரு இருட்டு. கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்றே தெரியாத ஊரில் எவனுக்கும் இது நடக்கும்.

நடந்தது சாயங்காலம் ஐந்து மணிக்கு என்கிறாள் கோகிலா. அப்படியே இருக்கட்டும்.

பிப்ரவரி 5, ஞாயிறு

இன்று ஒரு நல்ல காரியம் நடந்தது. சமையலறைக் குழாயில் படியும் உப்பைக் கோகிலா வினிகர் வைத்துத்தான் எடுக்கிறாள். வண்டிக்கும் அதையே செய்தால் என்ன என்று தோன்றியது. வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியில் நனைத்து, பழைய புள்ளிகளின்மேல் கொஞ்சம் ஒத்தி வைத்தேன். இளகி வந்துவிட்டன. காயவிடாமல் உடனே அலசிவிட வேண்டும், அவ்வளவுதான்.

கோகிலாவை நான் கூப்பிடவில்லை. தானாகவே வந்து, இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று விரல் வைத்துக் காட்டினாள். அவள் காட்டிய இடத்திலெல்லாம் இருந்தது.

ஜெபராஜ் சார் அந்தப் பக்கமாகப் போனார். ஒன்றும் சொல்லவில்லை. அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு.

பிப்ரவரி 12, ஞாயிறு

வண்டியைத் துடைத்து முடித்தேன். குளிக்கப் போவதுபோல உள்ளே போய், குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுவிட்டு, பின்வாசல் வழியாகச் சுற்றி முன்பக்கம் வந்தேன்.

நினைத்தது சரிதான். என் பழைய வேட்டித் துண்டு ஒன்றை வைத்துக்கொண்டு கோகிலா இடது பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தூசி தட்டுகிற மாதிரி அல்ல. விரித்துப் போட்டு, இழுத்து, மடித்து, மறுபடி விரித்து, நான் துடைக்கிற மாதிரியே. கதவின் கீழ்ப்பாதியில் இன்னும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் நின்றது. கிட்டே போய் நேராகப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

“எத்தன நாளா நடக்குது இது?” என்று கேட்டேன்.

அவள் திடுக்கிடவில்லை. “தீவாளிக்கு முந்தியிருந்துங்க. ஒரு வாரம் விட்டுப்போச்சு, அன்னிக்குத்தான் வாத்தியார் பாத்துட்டாரு.”

“எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?”

“சொல்லிப்போடலாம்னுதான் ஒவ்வொரு வாரமும் வருவேன். நீங்க தொடச்சு முடிச்சுட்டு, கையைக் கட்டீட்டு ஒரு சுத்து சுத்தி வந்து பாப்பீங்க பாருங்க. அந்த மொகத்தப் பாத்துட்டு எப்படீங்க சொல்றது?”

தண்ணீர் சரியில்லை என்றேன். ஆழ்குழாயைப் பற்றிச் சொன்னேன். துணி பழசு என்றேன்.

“தண்ணியில ஒண்ணுமில்லீங்க. அந்தப் பக்கம் நீங்க தொடைக்கறதே இல்ல. தொடச்சதா நெனச்சுக்கறீங்க. ஆசுபத்திரிக்குப் போலாமுங்க, எனக்குப் பயமா இருக்குது.”

அதற்கு நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத விருப்பமில்லை. உள்ளே குழாய் திறந்தபடியே கிடந்து தொட்டித் தண்ணீர் பாதி போய்விட்டது.

பிப்ரவரி 17, வெள்ளி

வண்டியை மருந்துக்கடை அருகே நிறுத்திவிட்டு நடந்து வந்தேன். பேட்டரி.

பிப்ரவரி 18, சனி

சாவியை வாங்கிக்கொண்டு போய் ஜெபராஜ் சார் வண்டியைக் கொண்டுவந்து விட்டார். பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது சார், ஒரே திருப்பில் எடுத்துவிட்டது என்று கோகிலாவின் எதிரிலேயே சொன்னார். அவர் போன பிறகு கோகிலா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். நானாகத்தான் சொன்னேன்.

மருந்துக்கடைத் திருப்பத்தில் இடது பக்கம் ஒரு சந்து இருக்கிறது. நான் பார்த்துத்தான் திருப்பினேன். சந்து காலியாக இருந்தது. சைக்கிள் பிரேக் கிறீச்சிட்டதும் நின்றேன். பம்பருக்கு அடியில் ஒரு சைக்கிளின் முன்சக்கரம். பள்ளிக்கூடச் சீருடையில், இரட்டைச் சடை போட்ட பெண் பிள்ளை. கீழே குதித்திருக்கிறாள். உள்ளங்கையில் மண் ஒட்டியிருந்தது, வேறு காயமில்லை. எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டு, “சாரி அங்கிள்” என்றாள்.

அந்தப் பிள்ளை என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனாள். தவறு தன்மேல் என்று நினைத்துக்கொண்டாள். இத்தனை பெரிய மனிதர் நேராகப் பார்த்துக்கொண்டு வண்டியைத் திருப்புகிறார் என்றால் வேறென்ன நினைப்பாள்?

பிறகு சாவியைத் திருப்பக் கை வரவில்லை. பேட்டரி இல்லை, கைதான்.

கோகிலா கேட்டு முடித்துவிட்டு, சுகந்திக்கு இதைச் சொல்ல வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். ஆஸ்பத்திரிக்கு அவளே போன் செய்தாள். புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

பிப்ரவரி 22, புதன்

கண் ஆஸ்பத்திரியில் ஒரு பெரிய வெள்ளைக் கிண்ணம். அதற்குள் முகத்தை வைத்து, தாடையைத் தாங்கியில் அழுத்தி, நடுவில் இருக்கும் புள்ளியை மட்டும் பார்க்க வேண்டும். சுற்றிலும் அங்கங்கே சின்ன வெளிச்சம் வரும். தெரிகிறபோதெல்லாம் கையில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும்.

அழுத்தினேன். பிறகு ரொம்ப நேரம் ஒன்றுமே வரவில்லை. மெஷின் நின்றுவிட்டதா அம்மா என்று கேட்டேன்.

“ஓடிட்டுத்தான் இருக்குதுங்கய்யா” என்றாள் மெஷினை இயக்கிய பெண்.

அதற்கப்புறம் டாக்டர் சொன்னதெல்லாம் ஏற்கெனவே கேட்டதுபோலத்தான் இருந்தது. கண்ணுக்குள் நீர் அழுத்தம். வலி இருக்காது. நரம்பு கெட்டு, பார்வை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், நடுப்பார்வை கடைசிவரை நிற்கும். அதனால்தான் பொடி எழுத்தை வாசிக்கிறேன், காலடியில் இருக்கும் வாளி தெரியவில்லை. இடது பக்கம் அதிகம் போயிருக்கிறது, வலது பக்கமும் ஓரத்தில் கொஞ்சம். போனது வராது. தினமும் சொட்டு மருந்து விட்டுக்கொண்டால் இருப்பதைக் காப்பாற்றலாம்.

தெரியாத இடம் இருட்டாக அல்லவா தெரிய வேண்டும், எனக்கு எங்கேயும் இருட்டே இல்லையே என்று கேட்டேன். சுகந்தி வயதுதான் இருக்கும் டாக்டருக்கு. பொறுமையாகச் சொன்னார். மூளை அந்த இடத்தைச் சும்மா விடாதாம். சுற்றியிருக்கும் நிறத்தை எடுத்துப் பூசி நிரப்பிவிடுமாம்.

“கறுப்பு வண்டியா இருந்தா?”

“கறுப்பாவே நிரப்பிக்கும்.”

எதற்குக் கேட்டேன் என்று அவருக்குப் புரியவில்லை. கோகிலா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தச் சந்தும் அப்படித்தான் காலியாக இருந்திருக்கிறது.

இனி வண்டி ஓட்டக் கூடாது என்றார். சரி என்றேன்.

பிப்ரவரி 26, ஞாயிறு

கழுவவில்லை.

சுகந்தி கல்யாணத்தன்று விடிந்தும் விடியாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியைக் கழுவினேன். பெண்ணைப் பெற்றவர் செய்கிற வேலையா இது என்று கோகிலாவின் அண்ணன் சத்தம் போட்டார். மண்டபத்துக்கு வாடகைக் கார் பிடிக்கலாம் என்றார்கள். நான் விடவில்லை. என் பெண்ணை நானே ஓட்டிக்கொண்டு போனேன். பின்னால் அவளும் அவள் சிநேகிதிகளும். வண்டி முழுக்க மல்லிகை வாசனை. நடுக் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. அவள் என்னைப் பார்த்தபோதெல்லாம் நான் சாலையைப் பார்த்தேன்.

ஊட்டிக்குப் போன பயணங்கள் எத்தனையோ. மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறும்போது கண்ணாடியை இறக்கிவிடச் சொல்லிக் கோகிலா முகத்தை வெளியே நீட்டுவாள். திரும்பி வருவதற்குள் வண்டி சேறாகியிருக்கும். அடுத்த நாள் அந்தச் சேற்றைக் கழுவும்போது மலையைக் கழுவுவதுபோல இருக்கும்.

வண்டி இன்று மூடாக்குக்குள் நிற்கிறது. நான் அந்தப் பக்கமே போகவில்லை.

மார்ச் 4, ஞாயிறு

வண்டியை விற்றுவிடலாம் என்று முடிவு செய்து ஒரு தரகரை வரச் சொல்லியிருந்தேன். அவர் மூடாக்கை விலக்கிப் பார்த்து, இந்த வயசு வண்டியில் இப்படி ஒரு பளபளப்பா என்று அதிசயப்பட்டார். விலை பேச ஆரம்பிக்கும்போது கோகிலா கை துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். விற்பதாக இல்லை என்று சொல்லி, அவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

எனக்குக் கோபம். ஓட்ட ஆளில்லாத வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றேன்.

“வித்துப்போட்டா ஞாயித்துக்கெழம நீங்க என்ன பண்ணுவீங்க?”

மூடாக்கை இழுத்து வண்டியை மறுபடி மூடினேன்.

“நான் ஓட்டறேன். நாளைக்கு டிரைவிங் ஸ்கூல்ல போய் எழுதி வெச்சுட்டு வர்றேன்.”

ஐம்பத்தேழு வயதில் கியர் மாற்றப் போகிறாளா? சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

மார்ச் 9, வெள்ளி

கோகிலா மூன்று முறை நடுரோட்டில் இன்ஜினை அணைத்துவிட்டாளாம். நான்காவது முறை சொல்லிக்கொடுக்கிறவரே கீழே இறங்கி நின்றுவிட்டாராம். அவளே சொல்லிச் சிரிக்கிறாள். சாப்பிடும்போது இடது கால் தானாகவே கிளட்சை மிதிக்கிறது.

மார்ச் 25, ஞாயிறு

ஒரு மாதத்துக்குப் பிறகு கழுவினேன்.

முறையை மாற்ற வேண்டியிருந்தது. முழு வண்டியையும் நனைத்துவிட்டுக் கடைசியில் துடைப்பது இனி எனக்கு ஆகாது. எங்கே துடைத்தேன், எங்கே விட்டேன் என்று கண் பொய் சொல்கிறது. அதனால் ஒரு கதவு, ஒரு தகடு என்று பிரித்துக்கொண்டேன். கூரையை நனைத்து, அலசி, துடைத்து முடித்த பிறகுதான் பானெட். பானெட் முடிந்த பிறகுதான் கதவு. டாக்டர் சொன்னபடி கழுத்தைத் திருப்பித் திருப்பி, ஓரத்திலிருந்து ஓரம்வரை நேராகப் பார்க்க வேண்டும். துடைத்த பிறகு உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்க்கிறேன். ஈரமும் உப்பும் கைக்குத் தெரிந்துவிடுகின்றன.

இடது பக்கம் கோகிலா நின்றாள். இன்னும் இருக்கிறது, கீழே, இல்லை இன்னும் கீழே என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இரண்டு தடவை எரிச்சலாகி, நீயே செய்துகொள் என்று துணியை அவள் கையில் கொடுத்துவிட்டேன். அவளும் வாங்கித் துடைத்தாள். என் மாதிரியே விரித்து இழுக்கிறாள், ஆனால் துணியை அடிக்கடி பிழிவதில்லை. சொன்னேன். ஒரு முறைப்பு.

முடித்து, கையைக் கட்டிக்கொண்டு சுற்றி வந்தேன். பழக்கம். கோகிலாவும் பின்னால் வந்தாள். நன்றாக இருக்கிறதா என்று அவளைக் கேட்டேன். இத்தனை வருடத்தில் வண்டியைப் பற்றி அவளிடம் நான் கேட்ட முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். தடாகம் ரோட்டில் இவ்வளவு சுத்தமான வண்டி இல்லை என்றாள்.

ஏப்ரல் 19, வியாழன்

கோகிலாவுக்கு லைசென்ஸ் வந்துவிட்டது. போட்டோவில் திருடியைப்போல இருக்கிறாள். சுகந்தி போனில் அழுதுகொண்டே சிரிக்கிறாள்.

ஏப்ரல் 22, ஞாயிறு

பேரூர் கோயிலுக்குப் போகலாம் என்றாள்.

இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். பதினான்கு வருடத்தில் என் சொந்த வண்டியில் நான் அந்த இடத்தில் உட்கார்ந்ததே இல்லை. பெல்ட் எங்கே இருக்கிறது என்று தேடினேன். கால் இரண்டுக்கும் வேலை இல்லாமல் என்னவோபோல இருந்தது. கோகிலா சீட்டை முன்னே இழுத்து, புடவையை முழங்காலுக்குள் இடுக்கிக்கொண்டு, சாமி கும்பிட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினாள்.

ஜெபராஜ் சார் தானாகவே வந்து கேட்டைத் திறந்துவிட்டு, பின்னால் நின்று கையை ஆட்டி வழி காட்டினார். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். பார்த்துப் போங்க டீச்சர் என்றார். கோகிலா ஒருநாளும் டீச்சராக இருந்தவள் இல்லை. பதற்றத்தில் அவருக்கு வேறு மரியாதை வார்த்தை வரவில்லைபோல.

இரண்டாவது கியருக்கு மேல் போகவில்லை. பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. கிளட்சை மெதுவாக விடு என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். திருப்பங்களில் அவள் தலையை முழுதாகத் திருப்பி இந்தப் பக்கம் பார்க்கிறாள், அந்தப் பக்கம் பார்க்கிறாள், மறுபடி இந்தப் பக்கம் பார்க்கிறாள். அதன் பிறகுதான் வண்டி நகர்கிறது.

பாலம் தாண்டியதும் பொட்டுப் பொட்டாகக் கோடை மழை. பானெட்டில் சொட்டுகள் விழுந்து நின்றன. வேறு நாளாக இருந்தால் ஓரமாக நிறுத்தச் சொல்லித் துணியோடு இறங்கியிருப்பேன்.

எனக்கு நேர் எதிரே இருப்பது மட்டும்தான் தெளிவாகத் தெரியும். சாலை, பானெட், மழை. பக்கத்தில் இருப்பவளைப் பார்க்க வேண்டுமென்றால் கழுத்தை முழுதாகத் திருப்ப வேண்டும். திருப்பினேன். மூக்குக் கண்ணாடி சரிந்து மூக்கின் நுனியில் நின்றது. மேல் உதட்டில் வியர்வை. பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள். இந்த முகத்தை நான் இதற்கு முன் பார்த்ததில்லை.

“என்னைய என்னத்துக்குப் பாக்கறீங்க? ரோட்டப் பாருங்க, எனக்குப் பதறுது.”

“பாத்துட்டுத்தான் இருக்கறேன். நீ ஓட்டு” என்றேன்.

கோயில் வரும்வரை கழுத்தைச் சாலைப் பக்கம் திருப்பவில்லை.